நாடக அரங்கக் கல்லூரியும் அதன் அரங்கும்

யாழ்ப்பாணத்து நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ஆசிரியர் பெயரையும் நடிகர் பெயரையும் நிரல்படக் கூறி அமைவர். நாடகம் ஆடப்பட்ட இடம் யாருடையது என்று வினவுவோர் சிலரே. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978இல் தோற்றுவித்த நாடக அரங்கக் கல்லூரியைப் பொறுத்தவரை இவ்வினாவே தலையாயது என்பது எமது துணிபு.

கல்லூரி என்னும் பெயர் கேட்டுக் கட்டடத்தைத் தேடுவோர் ஏமாறுவர். அது பயிற்சிக்கெனக் கூடிய ஆர்வலர் கூட்டம், வருவாய் கருதாதது. இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. சம்பந்த முதலியார் 1891இற் சென்னையிற் கண்ட சுகுண விலாச சபையை முன்மாதிரியாகக் கொண்டே கலையரசு சொர்ணலிங்கம் இலங்கைச் சுபோத விலாச சபையை நடத்தினார். அச்சபாக்காரர் பொருளை நாடவில்லையாயினும் படச்சட்ட மேடையையும் தீட்டிய திரைகளையும் விட்டாரல்லர். சொந்த மேடையற்ற புதிய கூட்டத்தார்க்கு அவை எளிதிற் கிட்டுவனவல்ல.

அக்காலத்து யாழ்நகரில் நாடகக்காரர் நாடிய பெரிய இடங்களுள் ஒன்று வீரசிங்கம் மண்டபம். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயும் கூட்டுறவியக்கத் தலைவராயும் விளங்கிய ஒருவரின் பெயரைத் தாங்குவது அது, கூட்டுறவாளர் உடைமை. மாநாடும் கூட்டமும் நாடகமும் அங்கே முறைவைத்து நடந்தன. ஏனைய இடங்கள் பெரும்பாலும் பள்ளி மண்டபங்களே. பள்ளியில் நாடகம் பழக்கிய எம்மனோர்க்கு அதன் இடர் தெரியும். மறுநாட் காலை வழிபாட்டுக்கு முன் மேடை வெறுமையாதல் வேண்டும். கட்டிய காட்சி எதுவும் ஓரிரவைத் தாண்டாது.

இந்நெருக்கடியே இவர்தம் கலைக்கு வடிவம் தந்தது எனச் சிலர் மகிழ்ந்துரைப்பர். முழுவதும் உண்மையன்று. சண்முகலிங்கமும் தாசீசியஸும் மௌனகுருவும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி பயின்றவர்கள். மேலைநாட்டு அரங்கின் புதுப்போக்குகளை அறிந்தவர்கள். திரையை நீக்கி, உரைஞரையும் பாடுவோர் குழுவையும் முன்னிறுத்தியமை அறிந்து செய்த தெரிவே. வறுமை அதனைத் தூண்டியிருக்கலாம், கற்பித்திராது.

அத்தெரிவு முற்றிக் கனிந்தது 1985இல். சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதன் நெறியாள்கையிற் பல்கலைக்கழகக் கைலாசபதி கலையரங்கில் ஏறியது. பின்னர் ஊர்கள்தோறும் சென்றது. தலைப்பு பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நினைவூட்டுவது. பாண்டியன் பிரம்பு ஒரு முதுகிற் பட, அவ்வடி எல்லா உயிர்மேலும் வீழ்ந்தது என்பது புராணம். இரவில் வெளிச்செல்ல மக்கள் அஞ்சிய அந்நாளில், பிள்ளைகளை இழந்த தாயரை மேடையிற் கண்டவர் வேடிக்கை பார்த்து வாளா இருத்தல் இயலுமோ? அடி அவர் முதுகிலும் வீழ்ந்தது. தீட்டிய வீதியும் வண்ணத் திரையும் இடைநின்றிருப்பின் அது நேர்ந்திராது. வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சாக நீள்கின்றது என்னும் குறையையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் நாடகத்தின் வலியை அது குறைத்ததாக யாம் கருதவில்லை.

இழப்பும் உண்டு. சொந்த இடமில்லாக் கூட்டம் ஆட்களையே தூணாகக் கொள்கின்றது. தாசீசியஸ் இலண்டன் சென்றார். வேறு பலரும் புலம்பெயர்ந்தனர். மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றமோ தனக்கென மனை கொண்டது. போர்க்காலத்தும் பயிற்சியைத் தொடர்ந்தது. இதனாற் கலையில் அதுவே மேலானது என்று கூறுவேமல்லேம். ஒப்பனைப் பெட்டியையும் ஒத்திகைக் குறிப்பையும் வைக்க ஓர் அறை இருந்தது என்பதே வேற்றுமை.

சண்முகலிங்கம் அவர்கள் 2025இல் மறைந்தார். நாடகங்கள் அச்சில் உள. 'மண் சுமந்த மேனிய'ரைப் படித்து முடித்த மாணவன் ஒருவன், "உரைஞர் எங்கே நின்றனர், எப்பொழுது அவையோரை நோக்கித் திரும்பினர்?" என்று வினவினால், நூலை மூடிவிட்டு, அன்று பார்த்த முதியவர் ஒருவரைத் தேடியே அவனை அனுப்புதல் வேண்டும்.