படம் இல்லாத ஒரு லெஃப்ட் அவுட்டை ரசிப்பது எப்படி?

மெஸ்ஸியை ரசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. போனைத் திறந்தால் போதும். 1911இல் கல்கத்தாவில் ஆடிய ஷிப்தாஸ் பாதுரியை ரசிக்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். போட்டுப் பார்க்கப் படம் கிடையாது. கைக்குக் கிடைப்பது குழுவாக எடுத்த போட்டோவும், பத்திரிகைச் செய்திகளும், வாய்வழி வந்த கதைகளும்தான். ஆனால் இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா பக்கத்துத் தோட்டக்காரருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வெறுங்காலால் பந்து ஆடுவது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1911 ஜூலை 29, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயத்துக்கான இறுதியாட்டம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், மறுபக்கம் கல்கத்தாவின் மோகன் பகான் கழகம். மோகன் பகானில் பூட்ஸ் போட்டிருந்தவர் பின்வரிசையில் நின்ற சுதிர் சட்டர்ஜி ஒருவர் மட்டுமே. முதல் கோலைச் சிப்பாய்கள் அடித்தார்கள். அணித் தலைவர் ஷிப்தாஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். இந்தியக் கழகம் ஒன்று அந்தக் கேடயத்தை வென்றது அதுவே முதல் தடவை. கிட்டப் போய்ப் பார்க்க முடியாத கூட்டத்துக்குப் பட்டம் ஏற்றி கோல் நிலவரம் சொன்னார்கள் என்பார்கள். இந்தத் தோல்விக்குப் பயந்துதான் அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள் என்று அளப்பவர்களும் உண்டு. அதை நான் நம்பவில்லை. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தாலே போதுமான சரக்கு அதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். ஷிப்தாஸ் இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட். அவருக்குப் பக்கத்தில் உள்ளே ஆடியவர் அவருடைய அண்ணன் பிஜய்தாஸ். இங்கே ஒரு விதியை மனதில் வைக்காவிட்டால் எதுவும் புரியாது. 1925 வரைக்கும் ஆஃப்சைடு ஆகாமலிருக்க, சக வீரர் பந்தைத் தரும்போது முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இப்போது இரண்டு பேர் போதும். அதனால் இன்றுபோல் பின்வரிசைக்குப் பின்னால் பந்தைத் தள்ளிவிட்டு ஓடிப் பிடிக்கும் விளையாட்டு எளிதில் நடக்காது. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டே ஆளைத் தாண்ட வேண்டும். ஷிப்தாஸை வழுக்கி வழுக்கிப் போகிறவர் என்று எழுதினார்கள் என்றால், அந்த வழுக்கல் வேடிக்கைக்காக வந்ததல்ல. விதி அவருக்கு வேறு வழி விட்டுவைக்கவில்லை.

இதை உணர நம் தோட்டத்து மைதானத்தைவிட நல்ல இடம் இல்லை. மலையை வெட்டிச் சமன் செய்த கிரவுண்ட். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. சரிவுப் பக்கம் ஓடுகிற பையன் பந்தை ஒரு முழம் அதிகமாகத் தள்ளினால் அது கீழ் மலைக்கே போய்விடும். எடுத்துவர ஆள் அனுப்ப வேண்டும். அதனால் அந்த ஓரத்தில் ஆடிப் பழகியவர்களுக்குத் தொடுகை சின்னதாக இருக்கும். அடுத்த தடவை அவர்களைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், நிற்கிற காலைப் பாருங்கள். வெறுங்காலில் ஆடுகிறவன் கால்விரலை மண்ணில் ஊன்றித் திரும்புவான். பூட்ஸ்காரன் அதே இடத்தில் திரும்ப இன்னும் ஓர் அடி எடுப்பான். காய்ந்த தரையில் இது வெறுங்காலுக்குச் சாதகம். மே மாதம் மழை பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். சேற்றில் ஆணி வைத்த பூட்ஸ்தான் ராஜா. மோகன் பகான் அந்தக் கேடயத்துக்கு ஆடியது வங்காளத்தின் மழைக்காலத்தில் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்தது பாஸ். கோல் அடித்தவர் பெயரைத் தாண்டி, அதற்கு முன்னால் பந்தைத் தொட்டவர் யார் என்று தேடுங்கள். அபிலாஷ் அடித்த வெற்றி கோலுக்கு இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஷிப்தாஸ் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கோல் அடித்தவர், தலைவர் வேறு. தானே அடிக்கப் பார்த்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அவர் அடித்த கோலைவிடக் கொடுத்த கோல்தான் பெரிது.

எண்களை நம்பி ரசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதே காலத்தில் இங்கிலாந்தில் விவியன் வுட்வர்ட் என்றொரு முன்வரிசைக்காரர் இருந்தார். தொழில் கட்டடக் கலைஞர், பந்துக்குக் கூலி வாங்காதவர். டொட்டன்ஹாமுக்கும் செல்சிக்கும் ஆடினார். 1908, 1912 இரண்டு ஒலிம்பிக்கிலும் தலைவராக நின்று தங்கம் வென்றார். இங்கிலாந்துக்கு 23 ஆட்டங்களில் 29 கோல். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் கணிசமானவை 1908, 1909 சுற்றுப்பயணங்களில், அப்போதுதான் ஆட்டம் பழகிக்கொண்டிருந்த ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் எதிராக வந்தவை. அதற்காக வுட்வர்டைக் குறைத்து மதிக்க வேண்டாம். எதிரில் நின்றது யார் என்று பார்த்துவிட்டு எண்ணினால் போதும். ஷிப்தாஸுக்கு இப்படி எண்ணிப் பார்க்கப் பட்டியலே இல்லை. இருப்பது அணியின் கணக்குதான்: 1906 தொடங்கி மூன்று வருடம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை மோகன் பகான் வென்றது, பிறகு அந்தக் கேடயம். கல்கத்தா லீக்கில் மோகன் பகானுக்கு இடம் கிடைத்ததே 1914இல்தான், அதுவும் இரண்டாம் பிரிவில்.

நம் மலைப் பக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்டத் தொரைமார் ரதல்லயிலும் தரவளையிலும் கழகம் வைத்துத் தங்களுக்குள் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினார்கள். தொழிலாளர் லயத்துப் பையன்கள் அவர்களோடு மோதிய ஒரு 1911 நமக்கு வாய்க்கவில்லை.

வெறுங்கால் கதை 1911ஓடு முடியவும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்திய வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல்தான் இறங்கினார்கள். இரண்டு பெனால்டியை வீணாக்கி 2–1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். ஷிப்தாஸில் தொடங்கினால் அடுத்துத் தேடிப் படிக்க வேண்டிய முன்வரிசைக்காரர் அவர்தான்.