நிற்காத முரசு: ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’

யூஜின் ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தில் முதல் காட்சி முடியும் தறுவாயில் தொலைவில் ஒரு முரசு ஒலிக்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 72 அடி, அதாவது மனிதனின் இயல்பான நாடித்துடிப்பு. பிரதியிலேயே ஓநீல் அப்படிக் குறித்திருக்கிறார். போகப்போக வேகம் கூடுமே தவிர, ஜோன்ஸ் சுட்டுக் கொல்லப்படும் வரை ஓசை அடங்காது. 1920 நவம்பரில் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சிறிய அரங்கில் நாடகம் முதலில் மேடையேறியது. அத்தனை நெருக்கத்தில் அந்த ஓசையிலிருந்து யாரும் தப்பியிருக்க முடியாது.

புரூட்டஸ் ஜோன்ஸ் ரயிலில் பணியாளாக இருந்த கறுப்பின அமெரிக்கன். கொலை செய்து, சிறையிலிருந்து தப்பி, கரீபியன் தீவு ஒன்றில் தன்னைப் பேரரசனாக்கிக்கொண்டவன். குடிமக்கள் கிளர்ந்தெழுந்ததும் காட்டுக்குள் ஓடுகிறான். மொத்தம் எட்டுக் காட்சிகள். நடுவில் உள்ள ஆறிலும் பேசுவது பெரும்பாலும் அவன் மட்டுமே. இத்தனை நீளத் தனிமொழி எந்த நடிகரையும் கவிழ்த்துவிடும். முரசுதான் அதைத் தாங்குகிறது. அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிராளி அதுவே. கைத்துப்பாக்கியில் ஐந்து ஈயக் குண்டுகள், ஒரு வெள்ளிக் குண்டு. அடி கூடக் கூடக் குண்டு குறைகிறது. அமெரிக்க மேடையில் இவ்வளவு சிக்கனமாகப் பதற்றத்தைக் கட்டியெழுப்பிய நாடகங்கள் குறைவு.

ஆனால் அந்த முரசு எதை நோக்கி அவனைத் துரத்துகிறது? அவன் கொன்ற சூதாடி ஜெஃப் தோன்றுகிறான். பிறகு சங்கிலிக் கைதிகளின் காவலன், அடிமை ஏலம், அடிமைக் கப்பல். இதுவரை அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஏழாவது காட்சியில் காங்கோ மந்திரவாதியும் முதலைத் தெய்வமும் வருகிறார்கள். இங்கேதான் எனக்கு நாடகத்தோடு பிணக்கு. கப்பலில் ஏற்றியவர்கள் செய்த கொடுமையைக் காட்டிக்கொண்டிருந்த ஓசை, திடீரென்று கறுப்பனின் உதிரத்திலேயே காட்டுத்தனம் உறைந்திருப்பதாகச் சொல்லத் தொடங்குகிறது. முரசின் பலமே இங்கே கேடாகிறது. வசனத்தில் வந்திருந்தால் மறுக்கலாம். நாடியில் ஏறிவிட்ட கருத்தை இருக்கையில் உட்கார்ந்தபடி எப்படி மறுப்பது? போதாக்குறைக்கு, 1915 முதல் அமெரிக்கப் படை ஹைட்டியை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. தீவு மக்களுக்கு ஆளத் தெரியாது என்ற எண்ணத்துக்கு இந்தக் காட்சி வசதியாகவே இருந்திருக்கும்.

மறுப்பு மேடையிலிருந்தே வந்தது. ஜோன்ஸாக நடித்த சார்லஸ் கில்பின், பிரதியில் திரும்பத் திரும்ப வந்த இன இழிசொல்லை நாளடைவில் மாற்றிப் பேசினார். ஓநீல் சினந்தார். 1924 மறு அரங்கேற்றத்திலும் மறு ஆண்டு லண்டனிலும் அந்த வேடம் பால் ராப்சனுக்குப் போனது. தன் படைப்பை ஒரு நடிகர் திருத்துவதை எழுத்தாளர் விரும்பமாட்டார் என்பது புரிகிறது. ஆயினும் இந்தப் பிரதியை மிகக் கூர்மையாக வாசித்த திறனாய்வாளர் கில்பின்தான் என்பேன். கில்பின் 1930-இல் இறந்தார். பின்னாளில் ஓநீல், தான் மனத்தில் கண்ட பாத்திரத்தை முழுமையாக மேடையில் நிறுத்தியவர் அவர் ஒருவரே என்று ஒப்புக்கொண்டார்.