ஜனவரியிலும் பேசில் பறிக்கலாம்!

கனடாக் குளிர்காலத்தின் அலுப்புக்கு மருந்து கேட்டால் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன்: ஜனவரி மாதத்தில் சொந்தச் செடியிலிருந்து கிள்ளிய பேசில் இலை! விரலில் லேசாகக் கசக்கினாலே போதும், கிராம்பும் சோம்பும் கலந்த ஒரு வாசனை சமையலறை முழுக்க எழும்பும். கடையில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வாடிக் கிடக்கும் இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுடச்சுடத் தக்காளி சூப்பின் மேல் நாலு இலையைப் பிய்த்துப் போட்டுப் பாருங்கள், நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரிந்துவிடும்.

டொராண்டோவில் பெரும்பாலோர் அக்டோபரோடு பேசிலுக்குக் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது வெப்ப நாட்டுச் செடி. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இலையில் கறுப்புத் திட்டு விழும். ஒரே ஒரு உறைபனி இரவு போதும், முழுச்செடியும் கருகிப்போகும். சிலர் தோட்டத்துச் செடியை வேரோடு பெயர்த்து உள்ளே கொண்டுவருவார்கள். அது கோடை முழுக்க வளர்ந்து, பூத்து, தண்டு முற்றிய செடி. போதாக்குறைக்கு அசுவினியும் கூடவே வீட்டுக்குள் குடியேறும்.

சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பழைய செடியைக் காப்பாற்ற மல்லுக்கட்டாதீர்கள், அதன் கொழுந்தைக் காப்பாற்றுங்கள்! ஆகஸ்ட் கடைசியில், இரவுகள் குளிரத் தொடங்கும் முன், பூ வராத இளந்தண்டாகப் பார்த்து 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளை உருவிவிட்டு ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றினால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது! வேர் ஒரு விரற்கடை நீண்டதும் தண்ணீர் நன்றாக வடியும் மண்கலவையில் நட்டுவிடுங்கள். ஒரு காசு செலவில்லாமல் புத்தம் புதுச் செடி.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகமூட்டம். தெற்கு ஜன்னலை மட்டும் நம்பினால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் ஒல்லியாக நெடுநெடுவென்று நீண்டு, இலை வெளிறிப்போகும். ஒரு சின்ன எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை ஒரு சாண் உயரத்தில் மாட்டி, டைமரில் தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். அப்புறம் பாருங்கள் கூத்தை! இலை அகலமாகி, பளபளத்து, தண்டு தடித்து, நடு ஜூலை என்றே செடி நம்பிவிடும்.

ஜன்னலோரச் செடிக்கு இன்னும் இரண்டு கவனம் வேண்டும். இரவில் கண்ணாடி ஜில்லென்றாகிவிடும், இலை அதில் உரசக் கூடாது. குழாயில் வருவதோ ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். குளிர்காலத்தில் கை விறைக்கும். அதை அப்படியே ஊற்றாமல், முதல் நாளே பிடித்துவைத்து அறையின் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். எப்போதும் ஈரமாக வைத்தால் வேரும் அழுகும், மண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கொசுக்களும் பறக்கும்.

பறிப்பதில்தான் பெரிய ஆனந்தம். இலையாகப் பிய்க்காமல், நுனியை ஒரு ஜோடி இலைக்கு மேலே கிள்ளுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், அவற்றைக் கிள்ளினால் நான்கு. தின்னத் தின்னச் செடி பெருக்கும் இந்தக் கணக்கு வேறெதில் உண்டு? மொட்டு தலைகாட்டினால் மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கிள்ளிவிடுங்கள், பூத்தால் இலைவளர்ச்சி நின்றுவிடும்.

ஒரு படி மேலே போக ஆசையா? ஆப்பிரிக்கன் புளூ பேசிலைத் தேடிப் பிடியுங்கள். 1983-இல் ஓஹியோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஒரு நாற்றுப்பண்ணையில், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வளர்ந்த கற்பூரப் பேசிலும் டார்க் ஓப்பலும் தாமாகவே கலந்து பிறந்த ரகம் அது. விதையே பிடிக்காது, கிளையை வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். பூத்தாலும் ஓயாது, வீட்டுக்குள் வருடக்கணக்கில் வாழும். ஊதா நரம்போடிய இலை, கற்பூரம் கலந்த வாசனை, அடடா!

துளசி மாடத்தை இங்கே தொட்டிக்குள் சுருக்கிக்கொண்டவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். துளசியும் பேசிலும் ஓசிமம் பேரினத்துச் செடிகள். பலூடாவில் மிதக்கும் சப்ஜா விதையைத் தரும் திருநீற்றுப் பச்சிலையோ பேசிலின் இனமேதான். அதே தம்ளர், அதே விளக்கு, அதே வெதுவெதுப்பு போதும். வருடா வருடம் பனியில் பட்டுப்போகும் துளசிக்காக இனி யாரும் மனம் கலங்க வேண்டாம்.

மே மாதம் விக்டோரியா தின வார இறுதி வந்ததும் ஊரே நாற்று வாங்கக் கடைக்கு ஓடும். நீங்கள் ஒரு வாரம் செடியைப் பகலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் வைத்துப் பழக்கினால் போதும். மற்றவர்கள் நாலிலை நாற்றை மண்ணில் ஊன்றும்போது உங்களிடம் புதர் நிற்கும், முதல் வாரமே பெஸ்டோ அரைக்கலாம்! கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு கிளை வெட்டிக் கொடுங்கள். கொடுக்கக் கொடுக்க அதுவும் கிளைத்துக்கொண்டேதான் இருக்கும்.