படத்தைச் சுற்றி ஓடாத தமிழ்

வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எழுதிய பழைய பிளாக்ஸ்பாட் பதிவு எதையாவது போனில் திறந்து பாருங்கள். கழுகுமலை, எட்டயபுரம் என்று எங்கள் புதூர்ப் பக்கத்து ஊர்களைப் பற்றியதாக இருந்தாலும் சரிதான். தகவல் நன்றாக இருக்கும், படமும் இருக்கும், ஆனால் இரண்டும் ஒட்டாது. இடது பக்கம் படம். அதற்கு வலது பக்கம் ஒரு சொல், பெரிய ஓட்டை, மறுபடி ஒரு சொல். "டெம்ப்ளேட் சரியில்லைப்பா" என்று முடித்துவிடுவார்கள். என் கட்சி வேறு: சிக்கல் டெம்ப்ளேட்டில் மட்டும் இல்லை, தமிழ்ச் சொல்லின் நீளத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளாக்கரில் படத்துக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு தேர்ந்தெடுக்கலாம். சிறியது என்றால் 200 பிக்சல். இடது என்று சொன்னால் ஃபுளோட் போட்டு, அந்தக் கட்டளையைப் பதிவுக்குள்ளேயே எழுதிவிடும். போன் திரை 360 பிக்சல் என்று வையுங்கள். இரு ஓரமும் 16, படம் 200, இடைவெளி 16 போக மிச்சம் 112. எழுத்துக்குச் சராசரி 13 பிக்சல் என்றால் எட்டு எழுத்துதான் பிடிக்கும். 'விளாத்திகுளத்திலிருந்து' என்ற ஒரு சொல்லே பன்னிரண்டு எழுத்து! அது பக்கத்தில் கொள்ளாது. அதனால் பிரவுசர் அதைப் படத்துக்குக் கீழே தள்ளிவிட்டு, பக்கத்தை வெறுமையாக விட்டுவிடும். ஆங்கிலத்தில் இதே இடத்தில் இரண்டு சொல்லாவது உட்காரும்.

அப்படியென்றால் அச்சில் எப்படிச் சமாளித்தார்கள்? வாரப் பத்திரிகைகளில் ஓவியத்தை ஒட்டிக் கதை ஓடியதே! காரணம் சின்னது. தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை உடைப்பார்கள், இணைப்புக்கோடுகூடப் போடாமல். புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பிரவுசர் தானாகச் சொல்லை உடைக்காது. 'வேர்ட்-பிரேக்' கட்டளையால் கட்டாயப்படுத்தினால் உடைக்கும்தான், ஆனால் அந்தப் புள்ளி விதி அதற்குத் தெரியாது. 'ந்' என்று ஒரு வரி தொடங்கும். வாசிக்கிறவன் தடுக்கி விழுவான்.

படத்தின் பக்கமும் நஷ்டம் உண்டு. கழுகுமலை வெட்டுவான் கோயில் மேலிருந்து கீழாக ஒரே பாறையில் குடைந்த 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி, முடிக்காமல் விட்டது. அதில் பார்க்க வேண்டியதே சுற்றியுள்ள பாறைக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு. 200 பிக்சலில் அது ஏதோ ஒரு சின்னக் கோபுரம், அவ்வளவுதான். கரிசல் காட்டின் அகலப் படம் என்றால் இன்னும் மோசம், கறுப்பாக ஒரு பட்டைதான் மிஞ்சும்.

இதற்கு எதிர்க்கோடி ஒன்றும் உண்டு. 4000க்கு 3000 கேமரா படத்தை அப்படியே ஏற்றி, அகலம் 300 என்று எழுதிவிடுவது. திரையில் தெரிவது 67,500 புள்ளி, இறங்குவது 1.2 கோடி. கிட்டத்தட்ட 178 மடங்கு. டவர் கிடைக்காத ஊரில் டேட்டா பேக்கும் போச்சு, பொறுமையும் போச்சு. காட்டும் அளவைக் குறைப்பது வேறு, கோப்பைச் சிறிதாக்குவது வேறு.

விக்கிப்பீடியாவின் போன் பக்கம் இதில் பரவாயில்லை. படம் தனி வரியாக நிற்கும். "ஸ்க்ரோல் கூடுகிறதே" என்பார்கள். கூடட்டும். ஓட்டை விழுந்த வரியை வாசிப்பதைவிட விரலை ஒரு தடவை கூடுதலாகத் தள்ளுவது மேல்.

நான் சொல்வது இவ்வளவுதான். பத்தியின் அகலம் 600 பிக்சலுக்கு மேல் இருந்தால் மட்டும் ஃபுளோட். அதற்குக் கீழே படம் தனியாக நிற்கட்டும், அகலம் அதிகபட்சம் 100 சதவீதம், உயரம் ஆட்டோ. திரைக்கேற்ற கோப்பைத் தர சோர்ஸ்செட். இருபக்கமும் சமன்செய்யும் ஜஸ்டிஃபை தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

ஃபுளோட் 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ் பரிந்துரையிலேயே இருக்கிறது. நம் பழைய பதிவுகள் பலவற்றில் இன்னமும் அதுதான் ஆட்சி. பதிவு பதிவாகத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. தீமில் 'இம்பார்ட்டன்ட்' சேர்த்து நாலு வரி போட்டால் மொத்தமும் சரியாகிவிடும். அந்தக் கடவுச்சொல் இன்னும் ஞாபகம் இருப்பவர்கள், இந்த வாரமே செய்துவிடுங்களேன்.