பல்லவி இல்லாத ஒரு பாட்டு

"அப்பா, ஒன்பது நிமிஷப் பாட்டு. பல்லவியே கிடையாது. கேக்கறீங்களா?" என்றான் என் மகன். ராக் என்றாலே இரைச்சல் என்று ஒதுங்குகிறவன் நான். பல்லவி இல்லாமல் ஒரு பாட்டா என்ற ஆவலில் உட்கார்ந்தேன். பாடியது பிரேசில் நாட்டின் லெஜியாவ் உர்பானா குழு. பாட்டின் பெயர் 'ஃபரோயெஸ்தே கபோக்லோ'. அவன் பொருள் சொல்லச் சொல்ல, எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

பிரசிலியா 1960இல் திறக்கப்பட்ட புதுத் தலைநகரம். குழுவின் பாடகர் ரெனாட்டோ ருஸ்ஸோ ரியோவில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்த தந்தையோடு 1973இல் அங்கே வந்தவர். கிதார் வாசித்த டாடோ வில்லா-லோபோஸ் தூதரக அதிகாரியின் மகன். 1982இல் குழு தொடங்கியது. 1985 ஜனவரியில் முதல் இசைத்தட்டு. அந்த மார்ச்சிலேயே 21 ஆண்டு ராணுவ ஆட்சி முடிந்தது. அடக்கி வைத்த பேச்சுக்கு வாய் கிடைத்த நேரம், அதனால் உயர்ந்தார்கள் என்பார்கள். சரிதான், ஆனால் அந்த நேரம் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானது அல்லவா? இவர்களைத் தனித்துக் காட்டியது கதை சொன்ன விதம் என்பது என் எண்ணம்.

1979இல் எழுதப்பட்டு 1987இல் வெளியான அந்தப் பாட்டில், ஜொவாவ் என்ற ஏழை, பண்ணையை விட்டு, சால்வடோரில் பஸ் பிடித்துத் தலைநகருக்கு வருகிறான். தச்சு வேலை பழகுகிறான். கூலி போதவில்லை. போதைச் சரக்கு, சிறை, காதல் என்று போய், கடைசியில் சேலாண்டியாவில் சுடப்பட்டுச் சாகிறான். 1971இல் குடிசைகளை அப்புறப்படுத்திய இயக்கத்தின் முதலெழுத்துகளை வைத்துப் பெயரிட்ட ஊர் அது! வடகிழக்குச் சந்தைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் 'கோர்தெல்' கதைப்பாட்டுகளின் நடையும் கிதாரும் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

ஒரு குறை சொல்லலாம். குடியிருப்பு மாடியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடிசைக்காரன் கதையைப் பாட என்ன உரிமை? ருஸ்ஸோவுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். ஜொவாவ் சாவதை டி.வி.யில் பார்த்தும் நம்பாத மேட்டுக்குடியினரையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். தன் வர்க்கத்தை அவர் தப்பவிடவில்லை. இந்த நேர்மைதான் பாட்டைக் காப்பாற்றுகிறது.

சொந்த ஊரே அவர்களைக் கைவிட்டதும் உண்டு. 1988 ஜூன் 18 அன்று பிரசிலியா விளையாட்டரங்க நிகழ்ச்சி கலவரத்தில் முடிந்தது. பிறகு அவர்கள் அங்கே பாடவேயில்லை. 1996 அக்டோபர் 11இல், 36 வயதில், ருஸ்ஸோ எய்ட்ஸ் நோயால் மறைந்தார். அந்த மாதமே குழுவும் கலைந்தது.

நாமும் ஒரு தலைநகருக்கு வந்தவர்கள்தான். நம் பிள்ளைகளும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள்தான். பாட்டு முடிந்ததும் மகன் கேட்டான்: "இந்த குவார்ட்டர்ஸைக் கட்டினவங்க எந்த ஊருப்பா?" இருபது வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.