கூப்பிட்டால் வரும் வண்டியின் கணக்கு

ஆளில்லாத பஸ்சை எதற்கு ஓட்டவேண்டும் என்று கேட்பது இப்போது கெட்டித்தனமாகிவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டால் வண்டி படலைக்கே வருகிறது, கூப்பிடாத நேரம் சும்மா நிற்கிறது, எரிபொருள் மிச்சம். கிராமத்துக்கு இனி இதுதான் பொதுப் போக்குவரத்து என்கிறார்கள். 2015இல் வண்டியைக் கூப்பிடும் பிக்மீ செயலி கொழும்பில் தொடங்கியபோது நகரத்துக்காகச் சொன்ன நியாயத்தை அக்கராயன், ஸ்கந்தபுரம், வன்னேரிக்குளம் போன்ற கிளிநொச்சிக் குளத்து ஊர்களுக்கும் அப்படியே நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போரில் காலை இழந்தவருக்கும், பிரசவ நாள் நெருங்கியவருக்கும், உரமூட்டையோடு நிற்பவருக்கும் வாசலுக்கு வரும் வண்டி வேண்டும். பஸ் ஏமாற்றிய நாட்களில் ஊரைத் தாங்கியதும் ஓட்டோக்காரர்தான். அதில் மறுபேச்சில்லை.

பிரச்சினை செலவில்தான் இருக்கிறது. அதுவும் தொடக்கச் செலவில் இல்லை, ஆள் கூடும்போது ஏறும் செலவில். பஸ்சில் பத்துப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் சாரதி ஒருவர், நடத்துநர் ஒருவர், டீசல் ஏறக்குறைய ஒன்று. பதினோராவது ஆளின் காசு முழுக்க வரவு. கூப்பிட்டால் வரும் வண்டியில் இது தலைகீழ்: புதிதாக ஒருவர் கூப்பிட்டால் புதிதாக ஓர் ஓட்டம், புதிதாக ஒரு நட்டம். அரசு மானியம் கொடுத்து நடத்தினால், சேவை எவ்வளவு பிடித்துப்போகிறதோ அவ்வளவுக்குக் கடன் ஏறும். சனம் விரும்பி ஏற ஏற நொடிந்துபோகும் சேவையை நிலைத்து நிற்கும் சேவை என்று எப்படிச் சொல்வது?

கனடாவின் இனிஸ்ஃபில் என்ற சிறுநகரம் இதை அனுபவித்தது. ஒரு பஸ்சுக்கு ஆண்டுக்கு 270,000 டொலர் ஆகும் என்று கணக்குப் பார்த்து, அது வேண்டாமென்று 2017இல் ஊபர் பயணங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கினார்கள். சனம் விரும்பி ஏறியது. 2018இல் மானியம் 640,000 டொலர் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டே கட்டணம் ஒரு டொலர் கூடியது, மாதத்துக்கு 30 பயணம்தான் என்று கட்டுப்பாடும் வந்தது. மாதத்தில் முப்பத்தோராம் தடவை ஏறாதே என்று சொல்லும் பஸ்சை யாராவது கண்டதுண்டா? ஹெல்சிங்கியின் குட்சுபிளஸ் இன்னும் கெட்டிக்காரத் திட்டம். 15 சிற்றூந்துகளின் பாதையைக் கணினியே வகுத்தது. செலவு தாங்காமல் 2015 முடிவில் அதை மூடினார்கள். வண்டிகள் பெருகியிருந்தால் இலாபம் வந்திருக்கும் என்பது அதன் ஆதரவாளர்களின் விளக்கம். நெரிசலான ஹெல்சிங்கியே பெருக்க முடியாததை, வீட்டுக்கு வீடு வயலும் பற்றையும் கிடக்கும் வன்னியில் யார் பெருக்குவது?

இங்கே தூரமும் சேர்ந்து கடிக்கிறது. அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர 30 கிலோமீற்றருக்குக் குறையாது. போகும்போது ஆள் இருந்தாலும் திரும்பும்போது ஓட்டோ பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். அந்த வெறும் ஓட்டத்தின் காசையும் ஏறியவர்தான் கொடுக்கவேண்டும். அதனால்தான் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் என்றால் முதல்நாளே பக்கத்து வீடுகளில் விசாரிக்கிறார்கள். ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்குப் பிரஷர், மூன்றாமவர் துணைக்கு. காசைப் பங்குபோட்டு, ஒரே நேரம் வைத்து, சந்தியில் வந்து ஏறிக்கொள்கிறார்கள். கையில் காசு குறைந்த சனம் ஓட்டோவையே பஸ்சாக மாற்றிக்கொள்கிறது. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்துக்குப் பஸ் அனுப்பித்தான் அவை ஊழியரை ஏற்றுகின்றன. ஒவ்வொருவரும் ஓட்டோ பிடித்து வரட்டும், காசு தருகிறோம் என்று எந்த முதலாளியும் சொல்லவில்லை.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு இந்த வாதத்தை ஒரேயடியாக முடித்திருக்க வேண்டும். எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்த ஆரம்பத்தில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலும் அக்கராயனிலிருந்து நகரத்துக்கு வாரத்தில் நாலு தடவைதான் போய்வரலாம். மூன்று பேர் ஏறினாலும் அது பன்னிரண்டு பேரின் பயணம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் ஒன்று ஒரே காலையில் அதைவிடக் கூடுதலான ஆட்களை ஏற்றிவிடும்.

இ.போ.ச. தங்கமானது என்று யாரும் சொல்லப்போவதில்லை. நேரத்துக்கு வராத பஸ்சும், இணைந்த நேர அட்டவணைக்காக 2017இல் வவுனியா புதிய பஸ் நிலையத்தில் இ.போ.ச.வும் தனியாரும் முட்டிக்கொண்டதும் வடக்குக்குப் பழைய தலையிடிகள். ஆனால் அவை திருத்தக்கூடிய பிழைகள். கூப்பிட்டால் வரும் வண்டியின் பிழை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. செயலியை எத்தனை தடவை புதுப்பித்தாலும் போகாது. மாணவரின் பருவகாலச் சீட்டைப் பாருங்கள். பெரும்பங்கை அரசு ஏற்பதால்தான் உயர்தரம் படிக்க நகரத்துக்குப் போகும் பிள்ளை தினமும் பஸ் ஏறுகிறது. அந்தச் சலுகையை ஓட்டோவுக்கு மாற்றினால் அரசின் காசு பெற்றோலுக்கே போய்விடும்.

மானியம் கொடுப்பதற்கான வழியும் ஏற்கெனவே இருக்கிறது. இலாபமில்லாத கிராமப் பாதைகளில் குறித்த நேரத்துக்கு ஓடும் பஸ்சுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பணம் கொடுக்கும் திட்டம்தான் கெமி சரிய. செயலிக்கு ஒதுக்க நினைக்கும் காசை இந்த வழியில் இறக்கலாம். விடியற்காலை முதல் பஸ்சும் பின்னேரம் கடைசி பஸ்சும் எத்தனை மணிக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, ஓடாத நாளுக்குக் காசை வெட்டவேண்டும். நேர அட்டவணையை அக்கராயன் சந்தியில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டால் பஸ் வராத நாளை ஊரே கணக்கு வைத்துக்கொள்ளும்.