கணக்கில் வராத ஆறு வருஷம்

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு இன்சூரன்ஸ் ஒரு பாடம். நடத்திய பேராசிரியர் 'இன்டெம்னிட்டி' என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி, அடியில் அழுத்தமாக இரண்டு கோடு போடுவார். "வீடு எரிஞ்சு போச்சுன்னா, எரியறதுக்கு முந்தின நிமிஷம் நீ எங்கே நின்னியோ, அங்கேயே உன்னைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தறதுதான்டா இன்சூரன்ஸ். ஒரு பைசா லாபமும் கிடையாது, ஒரு பைசா நஷ்டமும் கிடையாது."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எத்தனை நாள்ல ஸார் கொண்டுபோய் நிறுத்துவாங்க?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பதில் மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நீளமான பதில் நியூயார்க்கில் இருக்கிறது. முகவரி: 30, வெஸ்ட் பிராட்வே. ஃபிட்டர்மேன் ஹால் என்ற கல்லூரிக் கட்டடம்.

செப்டம்பர் 11, 2001 என்றதும் உங்களுக்கு இரட்டைக் கோபுரம் ஞாபகம் வரும். அதே நாள் சாயங்காலம் 5.20-க்கு மூன்றாவதாக ஒரு கட்டடம் விழுந்தது பலருக்கு நினைவிருக்காது. 'செவன் வேர்ல்டு டிரேட் சென்டர்', 47 மாடி. அதில் விமானம் எதுவும் மோதவில்லை. பக்கத்துக் கோபுரம் விழுந்தபோது சிதறிய இடிபாடுகளால் தீப்பிடித்து, சுமார் ஏழு மணி நேரம் எரிந்து, சரிந்தது. எல்லோரையும் முன்பே வெளியேற்றிவிட்டதால் அதற்குள் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் விழுந்த வேகத்தில் அது எதிர்ச்சாரியில் இருந்த ஃபிட்டர்மேன் ஹாலின் தெற்குப் பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஃபிட்டர்மேன் யாருடையது? 'பரோ ஆஃப் மன்ஹாட்டன் கம்யூனிட்டி காலேஜ்' என்ற அரசுக் கல்லூரி. கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஏட்டளவில் இரண்டு வருஷப் படிப்பு. பகலில் ஓட்டலிலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வருகிற ஜனங்கள். கறுப்பர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், நேற்றுதான் அமெரிக்காவில் வந்து இறங்கியவர்கள். பெரிய யுனிவர்சிட்டியின் ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கு அதுதான் முதல் படி. ஏற்கெனவே இட நெரிசல். 1993-ல் மைல்ஸ் ஃபிட்டர்மேன், ஷெர்லி ஃபிட்டர்மேன் என்ற தம்பதி, 15 மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். மதிப்பு சுமார் 3 கோடி டாலர். அதை வகுப்பறைகளாக மாற்றும் வேலை முடிகிற தறுவாயில் இருந்தபோதுதான் அந்த செப்டம்பர் வந்தது.

அடிபட்ட கட்டடம் விழவில்லை. அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

விழுந்த கட்டடம் வெறும் குப்பை. வாரிக்கொண்டு போய்விடலாம். பாதி உயிரோடு நிற்கிற கட்டடம் ஒரு வழக்கு. ரிப்பேர் செய்யலாமா, இடிக்கலாமா? ரிப்பேர் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு தொகை, இடிப்பு என்றால் இன்னொரு தொகை. பாக்கிப் பணத்தை மாநில அரசு எவ்வளவு போடும், மாநகரம் எவ்வளவு போடும்? இப்படி ஆரம்பித்த பஞ்சாயத்து ஜவ்வு மாதிரி இழுத்தது. வெளியே தொங்கிய இடிபாடுகளை அகற்றி, கட்டடம் சாயாதபடி முட்டுக் கொடுத்து, மேலே ஒரு கறுப்பு வலையைப் போர்த்திவிட்டார்கள். அந்த வலை வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது.

"இடிக்கத்தானே வேண்டும்? ஒரு வாரத்தில் வெடி வைத்துத் தகர்த்தால் போச்சு" என்பீர்கள். முடியாது. கட்டடத்துக்கு உள்ளே இருந்தது விஷம். ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், பாதரசம், டையாக்சின், அதற்கு மேல் மழைத்தண்ணீர் இறங்கி வளர்ந்த பூஞ்சணம். நம் ஊரில் கூரை ஷீட்டாகப் பழகிய அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். உடைந்து தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இழையாக நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டு, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

அதனால் முதலில் கட்டடத்தைக் குளிப்பாட்ட வேண்டும். சாங்கோபாங்கமான வேலை. ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் அடைத்து உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருக்கும் தூசி வெளியே வராது. தொழிலாளிகள் தலை முதல் கால் வரை மூடிய உடையும் மூச்சு முகமூடியுமாகப் போய், பொய்க்கூரை, ஏ.ஸி. குழாய், தரை விரிப்பு என்று ஒவ்வொன்றாக நனைத்துப் பிய்த்து, இரட்டைப் பையில் கட்டி, விஷக் கழிவு என்று முத்திரை போட்டு அனுப்புவார்கள். வெளியே வரும்போது குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியதும் காற்றைப் பரிசோதித்து, 'சுத்தம்' என்று சான்று வாங்கி, அப்புறம் உச்சியிலிருந்து மாடி மாடியாகக் கழற்றி இறக்க வேண்டும். கட்டுவதை ரிவர்ஸில் ஓட்டின மாதிரி.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் தெற்கே இன்னொரு கட்டடம் இதே கதியில் நின்றது. டாயிஷ் பாங்க் கட்டடம். அங்கே மேல் மாடிகளில் இடிப்பும் கீழ் மாடிகளில் சுத்தப்படுத்துதலும் ஒரே சமயத்தில் நடந்தன. ஆகஸ்ட் 18, 2007 அன்று தீப்பிடித்தது. தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் அடித்தளத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. விஷத்தூசி பரவக்கூடாது என்று மாடிப்படிகளைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். தூசியைத் தடுக்கப் போட்ட பலகை மனிதர்களைத் தடுத்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம்.

ஆகவே, நிதானமாகச் செய்ததற்காக ஃபிட்டர்மேன்காரர்களை நான் குறை சொல்லவில்லை. முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் இடித்தார்கள். அப்படி ஒரு தீ அங்கே நடக்கவில்லை. சபாஷ்.

என் குறை வேறு. வாருங்கள், கணக்குப் போடலாம். (காமர்ஸ் படித்தவனிடம் மாட்டிக்கொண்டீர்கள்.)

2008-ல் சுத்தப்படுத்தும் வேலை மும்முரமாகிறது. 2009 முடிவதற்குள் கட்டடம் தரைமட்டம். அதே டிசம்பரில் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை. (அவர்கள் ஊர் வழக்கப்படி, பிரமுகர்கள் மண்வெட்டியோடு போட்டோ.) 2012 ஆகஸ்டில் திறப்பு. ஆக, கழுவி இடிக்க இரண்டு வருஷம், கட்ட மூன்று வருஷத்துக்கும் குறைவு. மொத்தம் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆன காலம் பதினொன்று. மிச்ச ஆறு வருஷம் எங்கே போச்சு?

இப்போது எதிர்ச்சாரிக்கு வாருங்கள். விழுந்துபோன 'செவன்' இருந்த அதே இடத்தில் 52 மாடியில் பளபளவென்று ஒரு கண்ணாடிக் கோபுரம் எழுந்து, 2006 மே மாதமே திறப்பு விழா கண்டுவிட்டது. நாலே முக்கால் வருஷம்கூட ஆகவில்லை. அதாவது இரண்டு கட்டடங்களிலும் கை வேலைக்கு ஆன நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கக் காத்திருப்பு. புதுக் கோபுரம் திறந்த அன்று, அதன் எதிரே கல்லூரிக் கட்டடம் அதே கறுப்பு வலையோடு நின்றுகொண்டிருந்தது.

பணக்காரனுக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்று நான் இங்கேயே முடித்துவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. கோபுரத்தின் இடம் இடிபாடுகளை அள்ளியதும் காலியாகிவிட்டது, அங்கே கழுவ எதுவும் இல்லை. அதோடு, அந்தக் கோபுரத்தின் கீழ் மாடிகளில் ஒரு துணை மின் நிலையம் இருந்தது. கீழ் மன்ஹாட்டனுக்குக் கரன்ட் வேண்டும். கரன்ட் இல்லாவிட்டால் அந்த வட்டாரமே கத்தும். உரிமையாளரிடம் இன்சூரன்ஸ் பணமும் இருந்தது.

ஒரு வகுப்பறை இல்லாவிட்டால் யார் கத்துவார்கள்? கல்லூரியின் முக்கியக் கட்டடம் நாலைந்து தெரு தள்ளி, சேம்பர்ஸ் தெருவில். மீட்புப் பணிக்கு இடம் கொடுத்த அந்தக் கட்டடம் 2001 அக்டோபர் 1-ம் தேதியே வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. இடம் போதாமல் டிரெய்லர் வண்டிகளை நிறுத்தி அதற்குள் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் அட்ஜஸ்ட் செய்துகொண்டார்கள். அதுதான் சங்கடம். அட்ஜஸ்ட் செய்துகொள்கிறவனின் ஃபைல் எப்போதும் அடியில்தான் இருக்கும். பதினொரு வருஷம் என்பது இரண்டு வருஷப் படிப்புக்கு ஐந்தரை செட். அத்தனை பேரும், தங்களுக்கென்று கொடுக்கப்பட்ட கட்டடத்தை வலைக்குள்ளேயே பார்த்துவிட்டு சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் அக்டோபரில் திரும்பி வந்தபோது இடிபாடுகளுக்குள் இன்னும் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. டிசம்பர் வரை அது அணையவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சியோ, தாக்குதல் நடந்து ஒரே வாரத்தில், செப்டம்பர் 18 அன்றே 'காற்றைத் தைரியமாகச் சுவாசிக்கலாம்' என்கிற ரீதியில் அறிவித்துவிட்டது. அப்படிச் சொல்ல அப்போது போதுமான ஆதாரம் இல்லை என்று அதே ஏஜென்சியின் தலைமை ஆய்வாளர் 2003 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். ஒரு காலிக் கட்டடத்துக்குள் இருக்கிற தூசி வெளியே வரக்கூடாது என்று அத்தனை அடைப்பு, அத்தனை சான்றிதழ். அதே தூசி தெருவில் பறந்தபோது மாணவனைப் பார்த்து, 'போய்ப் படி தம்பி' என்றார்கள். கட்டடத்துக்குக் கிடைத்த ஜாக்கிரதை மனுஷனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, புதுக் கட்டடம் எப்படி? பெய் காப் ஃப்ரீட் என்ற பெரிய கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. செங்கல்லும் கண்ணாடியும். சுற்றிலும் கோபுரங்கள் எல்லாம் கண்ணாடியால் மினுக்கும்போது, இது செங்கல்லைக் கைவிடாமல் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்கூல் மாதிரி இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஷெர்லி ஃபிட்டர்மேன் பெயரில் ஓவியக் கூடம். செலவு சுமார் 32.5 கோடி டாலர். முன்பு 15 மாடி, இப்போது 14. என் பேராசிரியர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. முந்தின நிமிஷம் நின்ற இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியாச்சு.

இந்த மாதிரித் திறப்பு விழாக்கள் எதிலும் ஃபீனிக்ஸ் பறவை வராமல் இருக்காது. சாம்பலிலிருந்து எழுந்தது என்று நாமும் உச்சுக் கொட்டுவோம். எனக்கு அந்தப் பறவை மேல் ஒரு சந்தேகம் உண்டு. அது சாம்பலுக்குள் எத்தனை நாள் கிடந்தது என்று யாருமே சொல்வதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அமெரிக்கா காலத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தத் தூசியால் நோயுற்றவர்களுக்கான மருத்துவச் சட்டம் ஒன்று 2011 ஜனவரியில் கையெழுத்தானது. ஜேம்ஸ் ஜட்ரோகா என்ற போலீஸ்காரரின் பெயரில். தீயணைப்பு வீரர்களுக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்தில் அப்போது படித்த மாணவர்களும் அதில் சேர வழி உண்டு. 2015-ல் அதை 2090 வரை நீட்டித்தார்கள். 2001-ல் 18 வயதில் அங்கே படித்த பையனுக்கு 2090-ல் 107 வயசு. அவன் ஆயுசு முழுக்க அந்தத் தூசி அவனோடு இருக்கலாம் என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

நோய்க்கு வைத்த அந்தக் கணக்கைப் படிப்புக்கு வைக்கவில்லை. எந்தப் பேரேட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். செங்கல்லுக்கு, கம்பிக்கு, கண்ணாடிக்கு, விஷப் பையைச் சுமந்து போன லாரிக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். காத்திருந்தவனின் வருஷத்துக்கு மட்டும் பத்தி கிடையாது.

கடைசி பெஞ்சுக்காரனின் கேள்விக்கு அன்றைக்கு வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இன்சூரன்ஸ் பாடத்தில் கேட்க வேண்டியிருந்த ஒரே கேள்வி அதுதான்.